டிசம்பர் வெயிலும் ஒரு சகோதரியின் கேள்வியும்



இம்மாதம் எழுத எண்ணியிருந்த பொருளை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு சகோதரியின் கடிதத்திற்குப் பதில் எழுதுகிறேன். பெயரும் சபையும் வேண்டாம். அவருடைய கணவரின் ஊர் நடு அந்தமானைச் சேர்ந்த லாங் ஐலண்ட், பிழைப்பு சென்னையில். இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்குப் பின் அவருடைய இரு கன்னங்களிலும் மங்கு விழுந்தது. தோல் மருத்துவர் நாள்தோறும் முகத்தில் சன்ஸ்கிரீன் பூசவேண்டும் என்றும், அதிலும் நிறம் கலந்த வகையையே பூசவேண்டும் என்றும் எழுதிக்கொடுத்தார். கடந்த கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது மாமியார் அதைக் கண்டுவிட்டார். "முகப்பவுடரையே விட்ட வீடம்மா இது. குளிர்காலத்தில் என்ன வெயில்? யார் பார்க்க இந்தப் பூச்சு?" என்று கேட்டாராம். சபை மூப்பர் ஒருவரும் அதையே சற்று மெதுவான சொற்களில் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பம் பிட்கும் வேளையில் இச்சகோதரி எழுந்து போகவில்லை. "நான் செய்வது பாவமா ஐயா? குளிர்காலத்திலாவது நிறுத்திவிடட்டுமா?" என்று எழுதியிருக்கிறார்.

ஒரு களிம்புக் குழாயின் நிமித்தம் ஒரு தேவபிள்ளை கர்த்தருடைய பந்தியை விட்டு விலகியிருந்தாள் என்றால், அது சிறிய காரியம் அல்ல. எனவேதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

குளிர்காலத்தைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம்; அதற்கு வானமே பதில் சொல்லும். நாம் உணரும் சூடு வேறு, தோலைச் சுடும் புற ஊதாக் கதிர் வேறு. கடற்காற்று வீசும்போது உடல் குளிர்கிறது, கதிர் குறைவதில்லை. மெல்லிய மேகம் வெளிச்சத்தை மங்கச்செய்யும். ஆனால் அந்தக் கதிரில் பெரும்பகுதி அதையும் ஊடுருவி வரும். கதிரின் வலிமையைத் தீர்மானிப்பதில் முதன்மையானது, சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதே. இதை அறிய கருவி எதுவும் வேண்டாம். நண்பகலில் முற்றத்தில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் உயரத்தில் இருக்கிறது, வெயில் வலிமையுள்ளது. நீளமாக இருந்தால் அவ்வளவு இல்லை.

லாங் ஐலண்ட் பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது; சென்னை 13 பாகையில். கிறிஸ்துமஸ் நாள் நண்பகலில், ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவருக்கு லாங் ஐலண்டில் விழும் நிழல் ஏறக்குறைய 4 அடி. சென்னையிலும் அப்படியே. அதே நாளில் தில்லியில் 7 அடி. இலண்டனில் 20 அடி. இலண்டனில் வாழும் நம் ஜனங்கள் டிசம்பரில் வெயிலுக்கென்று முகத்தில் எதையும் பூசாமலிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் நேர்ந்துவிடாது. ஆனால் தீவில் வசிக்கும் நாம் "குளிர்காலம்" என்று சொல்வது வழக்கத்தினால் வந்த சொல். அங்கே டிசம்பரிலும் பகலில் வெப்பநிலை 30 பாகையை ஒட்டியே இருக்கிறது. புற ஊதாக் குறியீட்டெண் 3 ஆனாலே பாதுகாப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. டிசம்பர் மாதத்துத் தெளிந்த நண்பகலில் அந்த எண் தீவில் அதற்கு இரு மடங்குக்கு மேல் நிற்கும்.

இன்னொரு காரியமும் உண்டு. தீவில் பிறந்து வளர்ந்த பலரும் இதைக் கவனிப்பதில்லை. இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம். ஆனால் லாங் ஐலண்ட் அந்தக் கடிகாரத்தின் அளவுக்கோட்டிலிருந்து 10 பாகைக்கு மேல் கிழக்கே இருக்கிறது. ஆகையால் கிறிஸ்துமஸ் நாளில் சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 12.10 மணிக்கு, லாங் ஐலண்டிலோ 11.20-க்கு முன்பாகவே. காலை 5.30 மணி அளவில் பொழுது விடிந்து மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் அடைகிறது. "10 மணிக்கு மேல் வெயிலில் போகாதீர்கள்" என்று சென்னை மருத்துவர் சொன்ன அறிவுரையைத் தீவுக்கு எடுத்துச் சென்றால், முக்கால் மணி நேரத்திற்கு மேலேயே கழித்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு ஆராதனைக்கு 9.30-க்குக் குடையின்றி நடந்து செல்கிறவர் காலை இளவெயிலில் நடப்பதாக எண்ணுகிறார். சூரியனோ அப்பொழுது உச்சியை நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை லாலாஜி விரிகுடாவுக்கு உலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும். காய்ந்த கடற்கரை மணல் கதிரில் ஏறக்குறைய 15 விழுக்காட்டையும், அலைநுரை 25 விழுக்காட்டையும் திருப்பி முகத்தின்மேல் எறிகின்றன. தண்ணீருக்குள் அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் உள்ளதில் 40 விழுக்காடு இருக்கிறது. நிழலில் அமர்ந்திருப்பவருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

ஆகவே, "குளிர்காலத்தில் என்ன வெயில்" என்ற கேள்வி தீவில் நிற்காது.

அப்படியானால் நாம் எல்லாரும் ஆண்டு முழுதும் நாள்தோறும் முகத்தில் சன்ஸ்கிரீன் பூசவேண்டுமா? இங்கேதான் விளம்பரங்களுக்கும் எனக்கும் வழக்கு. நாள்தோறும் பூசுவதின் பலனைக் காட்டும் மிகச்சிறந்த ஆதாரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் நம்பூர் என்னும் ஊரில் 1992-ல் தொடங்கிய ஆய்வில் 1,621 பேர் பங்குபெற்றார்கள். தலை, கழுத்து, கைகளில் நாள்தோறும் பூசியவர்களுக்கு ஒருவகைத் தோல் புற்றுநோய்க் கட்டிகள் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைவாக வந்தன என்று 1999-ல் அறிவித்தார்கள். தோல் சுருங்கி முதிர்வதும் குறைந்தது என்று 2013-ல் அறிவித்தார்கள். நல்ல ஆய்வு. ஆனால் அந்த ஊரார் பெரும்பாலும் வெள்ளைத் தோல் உடையவர்கள். தேவன் நமக்கு அளித்த நிறம் தானே ஒரு குடை. 1979-ல் வெளியான ஓர் ஆய்வு, மிகக் கறுத்தவர்களின் மேல்தோல் தரும் காப்பை 13.4 என்றும், வெள்ளையரின் மேல்தோல் தரும் காப்பை 3.4 என்றும் அளந்தது. நாம் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறோம். இந்தியரிடையே தோல் புற்றுநோய் அரிது. எனவே ஆஸ்திரேலியருக்குச் சொன்னதை அப்படியே நகலெடுத்து, மீன்பிடிக்கும் சகோதரனையும் கொத்து வேலை செய்யும் சகோதரியையும் பயமுறுத்துவது நியாயமல்ல.

கணக்கையும் பார்த்துவிடுவோம். எழுதியுள்ள காப்பு முழுதும் கிடைக்கவேண்டுமானால், ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் முழு நீளத்திற்குக் களிம்பைப் பிதுக்கி, அவ்வளவையும் முகத்திற்கும் கழுத்திற்கும் பூசவேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கு ஒரு முறை மீண்டும் பூசவேண்டும். நாளுக்கு ஒரு முறை பூசினாலும் 50 கிராம் குழாய் ஒன்றரை மாதத்திற்குள் தீர்ந்துவிடும். ஊருக்குப் பணம் அனுப்பி, வாடகையும் கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பத்தில் ஐந்து பேருக்கு இது ஆகுமா? கடுகளவு எடுத்து ஐந்து பேரும் தேய்த்துக்கொண்டால் டப்பாவில் எழுதிய காப்பு எவருக்கும் கிடைப்பதில்லை. எஸ்.பி.எஃப். 30 என்றால் சுடும் கதிரில் முப்பதில் ஒரு பங்கே உள்ளே விடும். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு. 97 விழுக்காட்டுக்கும் 98 விழுக்காட்டுக்கும் உள்ள வித்தியாசத்திற்காக இரட்டிப்பு விலை கொடுக்கவேண்டியதில்லை. 30 உள்ளதை நிறையப் பூசுங்கள். 50 உள்ளதைக் கொஞ்சமாகப் பூசுவதைவிட அது மேல். மற்றவர்களுக்கு அகன்ற விளிம்புள்ள தொப்பி, குடை, முழுக்கைச் சட்டை, நிழல் ஆகியவை முதலாவது. ஆறு மாதம் நிறையாத குழந்தைகளுக்குக் களிம்பு பூசாமல் நிழலில் வைத்திருப்பதே நலம்.

எனினும் சிலருக்கு இது விருப்பத்தைப் பொறுத்த காரியம் அல்ல. பிறவியிலேயே தோலில் நிறமி இல்லாதவர்கள் நம் சபைகளிலும் இருக்கிறார்கள்; அவர்களுக்கு இது உயிர்க்காவல். லூபஸ் நோயுள்ளவர்களுக்கும், முகத்தில் வெண்திட்டு உள்ளவர்களுக்கும் அவசியம். சில மாத்திரைகளை உண்பவர்களின் தோலில் வெயில் சீக்கிரம் சுடும். இரத்த அழுத்தத்திற்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு அவற்றில் ஒன்று. டாக்ஸிசைக்ளின் மற்றொன்று. அந்தமானில் எலிக்காய்ச்சல் பழைய தொல்லை. அதைத் தடுக்க வடக்கு அந்தமானில் டாக்ஸிசைக்ளினை வாரந்தோறும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000-ல் வெளிவந்தது. இம்மாத்திரையை உண்ணும் காலத்தில் வயலிலும் படகிலும் வேலை செய்வோர் முகத்தையும் கைகளையும் மூடிக்கொள்ளட்டும். மாத்திரையை மட்டும் தாங்களாக நிறுத்தவேண்டாம்.

மங்கு விழுந்தவர்களும் இந்த வரிசையைச் சேர்ந்தவர்களே. பிள்ளைப்பேற்றின்போதும், கருத்தடை மாத்திரைகளாலும், வெயிலாலும் வரும் இது உயிருக்குத் தீங்கு செய்யாது. ஆனால் மருந்தினால் மாதக்கணக்கில் மங்கியது, சில நாள் வெயிலில் திரும்பக் கறுத்துவிடும். அதனால்தான் மருத்துவர்கள் "நாள்தோறும்" என்கிறார்கள். நமது நிறத் தோலில் மங்கைக் கூட்டுவது புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்கூட. நிறமில்லாத சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்தது ஓரளவு தடுக்கும். காவிக்கல்லுக்குச் சிவப்பைக் கொடுப்பதும் இந்த இரும்பு ஆக்சைடே. அது சேர்வதினால்தான் களிம்புக்கு மண்ணின் நிறம் வருகிறது. ஆக, மாமியார் கண்ட நிறம் அலங்காரத்திற்காக இட்டது அல்ல. அதுதான் மருந்தின் வேலையைச் செய்கிறது. இன்னொன்றும் சொல்வேன்: துத்தநாக ஆக்சைடு மட்டும் பூசினால் நம் முகம் சாம்பல் பூத்ததுபோல் வெளிறும், நிறம் சேர்ந்தால் அவரவர் சொந்த நிறமே தெரியும். தன் நிறத்திலேயே தோன்றுவதைப் பகட்டு என்று எந்த வசனத்தால் சொல்வோம்?

இனி மூப்பர் ஐயாமாருக்கு. அலங்காரத்தைக் குறித்துப் பேதுருவும் பவுலும் எழுதியவற்றை நான் தளர்த்தவில்லை. நகையையும் சாயத்தையும் விட்ட சாட்சியினால் நம் தாய்மார் எவ்வளவு நிந்தை சுமந்தார்கள் என்பதை அறிவேன். ஆனால் அந்த அப்போஸ்தலர்கள் எதை எதிர்த்தார்களோ அதையே நாமும் எதிர்ப்போமாக. பிறர் கண்களைப் பிடிக்கவும், செல்வத்தைக் காட்டவும் செய்வதை அவர்கள் எதிர்த்தார்கள். முகத்தில் எண்ணெய் பூசுவதை வேதம் எங்கும் வெறுக்கவில்லை. சங்கீதம் 104:15-ல் முகத்தை மினுங்கச்செய்யும் எண்ணெய் தேவனுடைய ஈவுகளோடு எண்ணப்படுகிறது. உபவாசிக்கும் நாளிலும் தலைக்கு எண்ணெய் இட்டு முகத்தைக் கழுவும்படி கர்த்தர் மத்தேயு 6:17-ல் கற்பித்தார். நகோமி ரூத்துக்குச் சொன்னதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பர்மாவிலிருந்து திரும்பிவந்த நம் பெரியவர்களைக் கேட்டால், அங்கே பெண்களும் பிள்ளைகளும் தனாக்காக் கட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசிக்கொண்டே வயலுக்குப் போவதைச் சொல்வார்கள். அதை மேக்கப் என்று யாரும் சொன்னதில்லை. போகட்டும், கன்வென்ஷன் மேடை ஏறும் ஊழியக்காரரில் தலைமயிருக்குச் சாயம் பூசாதவர் எத்தனை பேர் என்று நான் எண்ணத் தொடங்கினால் நமக்குள்ளே சமாதானம் இராது!

"கர்த்தர் வெயிலுக்கு நிழலாயிருக்கிறாரே, களிம்பு எதற்கு?" என்று 121-ஆம் சங்கீதத்தைக் காட்டுவோர் உண்டு. அந்த வாக்குத்தத்தத்தை நானும் நம்புகிறேன். ஆனால் காப்பேன் என்று வாக்களித்த தேவனே, வீட்டு மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று உபாகமம் 22:8-ல் கட்டளையிட்டார். தேவாலயத்து உப்பரிகையில் நின்று வாக்குத்தத்தத்தைச் சொல்லிக் குதிக்கத் தூண்டியவன் யார் என்பதை மத்தேயு நான்காம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். யோனாவின் தலைக்கு மேலாக ஆமணக்குச் செடியை வளரச்செய்தவர் கர்த்தர்தாமே. சூனேமியாளின் சிறுவன் அறுப்பு வயலில் தலைநோவென்று அலறி அன்றைய மத்தியானமே தாயின் மடியில் இறந்ததையும் வேதம் மறைக்கவில்லை. மருந்தே தொடமாட்டோம் என்னும் விசுவாசமுள்ள சபையாரோடு இங்கே தர்க்கிக்க வரவில்லை. அவர்களும் வெயிலில் குடை பிடிக்கிறார்கள் என்பதை மட்டும் அன்போடு நினைவூட்டுகிறேன்.

நான் கடிந்துகொள்ளவேண்டியது வேறொன்றை. அதே கடைத் தட்டில் சன்ஸ்கிரீனுக்குப் பக்கத்திலேயே வெள்ளையாக்கும் களிம்பு இருக்கிறது. 1975-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-ல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்னும் சொல்லை எடுத்துவிட்டது. நம் ஜனங்களின் மனதிலிருந்து அச்சொல் இன்னும் போகவில்லை. திருமண விளம்பரங்களில் "இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற" என்று எழுதிய கையே அடுத்தாற்போல் "சிவந்த நிறமுள்ள" என்று எழுதுகிறது. உன்னதப்பாட்டின் முதலாம் அதிகாரத்தில் அந்தப் பெண், தன் சகோதரர்கள் திராட்சத்தோட்டக் காவலுக்கு அனுப்பியதால் வெயில்பட்டுக் கறுத்ததைச் சொல்கிறாள். கறுப்பாயிருந்தும் அழகுள்ளவள் என்றும் தன்னைக் குறித்துச் சொல்கிறாள். அவளைக் கறுப்பென்று இகழ்ந்தவர்களின் கூட்டத்தில் நாம் உட்காரலாமா?

இது உடலுக்கும் கேடு. மங்கு போகவும் நிறம் கூடவும் என்று பக்கத்து வீட்டார் சொன்ன களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் வாரத்தில் முகம் தெளியும். மாதங்கள் சென்றால் தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பி, பெண்கள் முகத்திலும் மயிர் வளரும். நிறுத்தினால் எரியும்; ஆகையால் மீண்டும் பூசுவார்கள். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் மத்திய அரசு 2018-ல் சேர்த்தது. ஆயினும் கேட்டால் எடுத்துக்கொடுக்கும் கடைகள் இல்லாமலில்லை. குழாயின்மேல் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எழுதியிருந்தால், மருத்துவர் சொல்லாமல் முகத்தில் தொடாதீர்கள். விவரம் எதுவும் அச்சிடாத உள்ளூர்ச் சிமிழ்களில் பாதரசமும் இருக்கக்கூடும்.

அன்புச் சகோதரி, உங்களுக்கு என் பதில் இது. நாள்தோறும் பூசுங்கள், நிறம் கலந்ததையே பூசுங்கள். டிசம்பரில் தீவுக்குப் போனாலும் நிறுத்தவேண்டாம். வீட்டுக்குள் சமையலில் இருக்கும் நாளிலும் சன்னலோரத்தில் வேலையானால் பூசுங்கள். சாதாரணக் கண்ணாடி சுடும் கதிரைத் தடுத்தாலும், நீண்ட அலையுள்ள கதிரையும் வெளிச்சத்தையும் உள்ளே விட்டுவிடும். கடலில் இறங்கும் நாளில் ஆக்ஸிபென்சோன் இல்லாத வகையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பவளப்பாறைகளுக்குத் தீங்கு என்று பலாவு நாட்டில் 2020 முதலும் ஹவாயில் 2021 முதலும் அதற்குத் தடை இருக்கிறது. உங்கள் கணவரின் தீவைச் சுற்றியும் பவளம் இருக்கிறதே. மூன்று மாதம் சென்றும் மங்கு மாறாவிட்டால் களிம்பை நீங்களே மாற்றாமல் மருத்துவரிடம் திரும்பப் போங்கள்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். அவர் பரிசுத்தத்தைக் குறித்த வைராக்கியத்தினால் பேசினார். மருத்துவர் சீட்டை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வயலிலும் கடற்கரையிலும் காய்ந்த அவருடைய முகத்திற்கும் நல்லதொரு தொப்பி வாங்கிச் செல்லுங்கள். மூப்பர் ஐயா இந்த இதழை வாசிப்பார் என்று எழுதியிருந்தீர்கள். ஐயா, 1 கொரிந்தியர் 11-ல் அவனவன் தன்னைத்தானே சோதித்தறிந்து பந்தியில் பங்குபெறும்படி பவுல் சொல்கிறார். அடுத்தவருடைய கன்னத்தைச் சோதிக்கச் சொல்லவில்லை. அந்த மகள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, அப்பம் பிட்கும் முன்பாக நீங்களே போய் அவளை அழைத்து வாருங்கள்.